ஊரெல்லாம் விசாரித்த கம்ப்யூட்டர்

விசாரிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்தவுடன் அடையாளம் தெரியாது. நம்மைப் போலவே சட்டை போட்டுக்கொண்டு நடமாடும். ஒரு பொருளை வாங்க வேண்டிய வேளை வரட்டும், அப்போது பாருங்கள்.

நம் பெயிண்ட் கடைக்காரரையே எடுத்துக்கொள்வோம். கடைக் கணக்குக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பழையது பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடிவிடும். உயிர் வந்ததும் முதல் வரியிலிருந்து மறுபடி அடிப்பவர் கடைக்காரரா? இல்லை, அவர் மனைவி. வரிக் கணக்கு அனுப்ப வேண்டிய கெடு வேறு நெருங்கிவிட்டது.

"இந்த வாரமாவது வாங்கிடுவீங்களா?"

"விசாரிச்சிட்டுதானே இருக்கேன்."

விசாரித்தார். மச்சானைக் கேட்டார், முடி வெட்டுபவரைக் கத்தரிக்கோலுக்கு நடுவே கேட்டார், பல் டாக்டரை வாயைத் திறந்தபடியே கேட்டார், துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் அது முடிந்த கையோடு இதையும் விசாரித்தார். மடியில் வைக்கிற மாதிரி வாங்குங்கள் என்றார் மச்சான். பெரிய திரை இல்லாவிட்டால் கண் போய்விடும் என்றார் முடி வெட்டுபவர். ஆறு மாதம் பொறுத்தால் இதைவிட நல்லதாக வரும் என்றார் டாக்டர். அதுதான் அவருக்குப் பிடித்தது. பொறுக்கச் சொல்பவரைவிட அறிவாளி உண்டா?

இதற்குள் ராம், பிராசஸர், கிராபிக்ஸ் என்று நாலு வார்த்தை நாக்கில் ஏறிவிட்டது. பிரைமர் டப்பாவைக் கூட்டிக் கழிக்கிற கடைக்கு, சினிமாவே தயாரிக்கிற கம்ப்யூட்டரைத் தேட ஆரம்பித்தார்.

கெடுவுக்கு முந்தின நாள் பழையது மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. அந்த நேரத்தில் கடைக்காரர் அடுத்த தெரு ஜெராக்ஸ் கடையில் விசாரித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தால் மேஜையில் சாதாரணமான புதிய கம்ப்யூட்டர் ஒன்று. எண்களுக்குத் தனி வரிசை உள்ள அகலமான கீபோர்டு. தினமும் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த கணக்கை அதில் ஏற்றி, மனைவி பாதி வேலையைத் தாண்டியிருந்தார்.

"யாரைக் கேட்டு வாங்கினே?"

"கணக்குப் போடறவளைக் கேட்டேன்" என்றார் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஊரில் அந்த ஓர் ஆளைத்தான் கேட்காமல் விட்டிருந்தார். உறைத்தது, முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் இனம் இனம்தானே?

"ராம் எவ்வளவாம்?" என்றார் மெதுவாக.

சிரிக்கிறீர்கள், நல்லது. உங்கள் வீட்டுக்குத் துவைக்கிற மெஷின் வாங்கினீர்களே, எத்தனை பேரைக் கேட்டீர்கள்? துவைப்பவரைக் கேட்டீர்களா? என்னிடம் சொல்ல வேண்டாம். அவர் பக்கத்து அறையில்தானே இருக்கிறார்.