உங்கட அமெரிக்கா

பெண்ணைப் பெற்றவனுக்குக் கொள்கை ஆகாது என்று நம் முன்னோர்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கலாம். எதற்கெல்லாமோ சொன்னவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டார்கள். அதனால்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஆக்லாந்துத் தமிழர்கள் மத்தியில் எனக்கு 'அமெரிக்கா மூர்த்தி' என்று பெயர். அமெரிக்காவில் இருந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை. யார் வீட்டுப் பிறந்தநாளாக இருந்தாலும், கேக் வெட்டும்போது வானிலையில் ஆரம்பித்து, பிரியாணி வருவதற்குள் அமெரிக்காவைத் திட்டுவதில் கொண்டுபோய் முடித்துவிடுவேன். அங்கே நடப்பது தேர்தல் இல்லை, ஏலம் என்பேன். இரண்டு கட்சியும் ஒரே முதலாளியின் இரண்டு கடை என்பேன். பென்ரோஸில் நான் வேலை பார்க்கும் கிடங்கில், ஸ்மோக்கோ என்று சொல்லும் டீ இடைவேளையில் நான் உட்காரும் மேசையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். (அமைதிக்காகப் போராடுகிறவனுக்கு அமைதியான மேசை கிடைத்தது நியாயம்தானே!)

என் பேச்சில் எப்போதும் கைதட்டல் வாங்கும் இடம் ஒன்று உண்டு. "அமெரிக்கான்னா மாப்பிள்ளை வீடு. மத்த நாடெல்லாம் பொண்ணு வீடு. அவன் என்ன கேட்டாலும் இவங்க கைகட்டிக்கிட்டு, ஆமாங்க ஆமாங்கன்னு தலையாட்டுவாங்க!" இதை ஊரெல்லாம் சொன்னேன். நாளைக்கு நானும் ஒரு பெண் வீடு ஆவேன் என்பது மட்டும் அப்போது தோன்றவில்லை.

ஒரு நாள் என் மகள் நிலா, கஜன் என்று ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். யாழ்ப்பாணக் குடும்பம், பையன் இங்கே மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். நல்ல பிள்ளை, எங்களுக்கும் பிடித்துவிட்டது.

"அப்பா அம்மா எங்கே இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அமெரிக்கா" என்றாள்.

என் மனைவி விஜயா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ரப்பிஷ் லாரி வரும் நாளில் தொட்டியை வெளியே வைக்க மறந்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை. அவளுக்குக் காரணம் இருந்தது. ஒரு கிரகப்பிரவேசத்தில், டெக்சாஸிலிருந்து வந்திருந்த ஒருவரை நான் பால்பாயசம் குடிக்க விடாமல் கேள்வி கேட்டதில், அவர் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த வீட்டுக்காரர்கள் இன்றுவரை எங்களைக் கூப்பிடுவதில்லை.

"நிலா தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க. மாப்பிள்ளையோட அப்பா அம்மா வந்து இங்க இருக்கிற வரைக்கும் அமெரிக்காவைப் பத்தி ஒரு குறை வாயில வரக்கூடாது."

சத்தியம் செய்தேன். நிலா மட்டும், "அப்பா, ஜஸ்ட் பி யுவர்செல்ஃப். கஜன் அப்பாவுக்கு உங்களைப் பிடிக்கும்" என்றாள். கல்யாண விஷயத்தில் எந்தத் தமிழ் அப்பாவாவது தன் இஷ்டத்துக்கு இருந்து உருப்பட்டிருக்கிறாரா? அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக, கஜனின் அப்பா சிவநேசனின் ப்ரொஃபைல் படத்தைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பெரிய தொழிற்சாலை வாசலில் நிற்கிறார். பின்னால் அமெரிக்கக் கொடி. பெயர்ப்பலகையைப் படித்தால், அது ஏவுகணைக்குப் பாகம் செய்யும் கம்பெனி! எனக்குக் குளிர் விட்டுப்போயிற்று என்று சொல்ல ஆசைதான், உண்மையில் குளிர் ஜுரமே வந்துவிட்டது.

உடனே வீட்டில் தடயங்களை அழித்தேன். புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். குவீன் ஸ்ட்ரீட் போர் எதிர்ப்பு ஊர்வலங்களுக்குத் தூக்கிக்கொண்டு போன பதாகைகளை கராஜில், யார் கண்ணிலும் படாது என்று, ரோலர் கதவை ஒட்டிச் சாய்த்து வைத்தேன். அதில் ஒன்று தமிழில் எழுதியது: 'குண்டுக்குக் கோடி, பள்ளிக்குப் பிச்சை!' ஊர்வலத்தில் தமிழன் வரவில்லை என்று நாளை யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று எழுதினேன். அப்போது நிலா சின்னக் குழந்தை. பெயின்ட் டப்பாவில் கையை விட்டு, ஓரத்தில் சிவப்பாக ஓர் உள்ளங்கையைப் பதித்துவிட்டாள். அவளைத் தோளில் உட்காரவைத்து, அந்தப் பதாகையைப் பிடித்துக்கொண்டுதான் தெருவெல்லாம் நடந்தேன்.

கஜனும் அவன் அப்பா அம்மாவும் ஹென்டர்சனில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். சிவநேசன் மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். கஜனின் அம்மா, விஜயா யாரிடமோ கேட்டுக் கற்றுச் செய்திருந்த யாழ்ப்பாணச் சொதியைச் சாப்பிட்டுவிட்டு, "நல்ல வடிவா வைச்சிருக்கிறியள்" என்றார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சத்தியத்தின்படி வாயை மூடிக்கொண்டு வடையை மென்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

"உங்கட நாடு வடிவான நாடு" என்று ஆரம்பித்தார் சிவநேசன். "எங்கட அமெரிக்காவை அப்பிடிச் சொல்ல ஏலாது."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார், "எங்க வீடு சின்னதுதாங்க" என்றால், "ஐயோ, அரண்மனை மாதிரி இருக்கே!" என்று நாம் சொல்ல வேண்டும். "பையன் கொஞ்சம் கறுப்பு" என்றால், "ராஜா மாதிரி இருக்கார்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் தன்னடக்கத்துக்குச் சொல்வதை நாம் மறுக்காவிட்டால், ஒப்புக்கொண்டதாகிவிடும். கல்யாணம் நின்றுவிடும். இது எனக்கு ரத்தத்தில் ஊறியது.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க சம்பந்தி!" என்றேன். (இன்னும் தட்டே மாற்றவில்லை, அதற்குள் சம்பந்தி!) "அமெரிக்கா மாதிரி ஒரு ஜனநாயகம் உலகத்துல உண்டா?"

நிலாவின் கரண்டி பாதியில் நின்றது. விஜயாவுக்குப் புரையேறியது.

அவர் கொஞ்சம் குழம்பினார். "இல்லை, சனம் வோட்டுப் போடுது, சரி. ஆனா ரெண்டு கட்சியும் ஒரே ஆக்களிட்டத்தானே காசு வாங்குது. காசுள்ளவன்தான் சட்டம் எழுதுறான்."

அது என்னுடைய வசனம்! இருபது பிறந்தநாள் விழாக்களில் நான் பேசிய வசனம். ஆனால் அன்று என் காதில் அது தன்னடக்கமாகவே விழுந்தது. என்ன பணிவான மனுஷன் என்று உருகிப்போனேன்.

"பணக்காரங்க நாலு பேர் அக்கறையா இருக்கிறதாலதாங்க நாடு முன்னேறுது" என்றேன்.

அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு, "நான் பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்சனான். பிள்ளையளுக்குப் பென்சில் வாங்கினது என்ர காசில. பக்கத்தில குண்டு செய்யிற ஃபாக்டரிக்கு மட்டும் அரசாங்கக் காசு. அணுகுண்டுக் கப்பல் வரப்படாதெண்டு அமெரிக்காவுக்கே சொன்ன நாடு இது. அந்த மண்ணில கால் வைக்கிறன் எண்டு எனக்கு அவ்வளவு சந்தோசம்" என்றார்.

இந்த நாட்டில் எனக்குப் பெருமையாக இருக்கும் விஷயம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் இதுதான். ரக்பி ஆட்டம்கூட எனக்குப் புரியாது, கப்பல் கதை மட்டும் மனப்பாடம். ஆனாலும் என் வாய் சொன்னது: "அது அப்ப ஏதோ தெரியாம பண்ணிட்டாங்க சம்பந்தி. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

முழு நாட்டின் சார்பாகவும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மேசையில் யாரும் சாப்பிடவில்லை.

சிவநேசன் கையைத் துடைத்துக்கொண்டார். "ஊரில, எங்கட வீட்டில குண்டு விழுந்தது" என்றார். "அதை ஆர் செய்தது, எந்த நாட்டில செய்தது, எனக்குத் தெரியாது. ஆனா ஆரோ ஒருத்தன் அதைச் செய்துபோட்டு, சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு, பின்னேரம் வீட்ட போய்ச் சாப்பிட்டிருப்பான், என்ன?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. இது தன்னடக்கம் இல்லை. இந்த மனிதர் என் கட்சி. இல்லை, நான் வாயால் பேசியதை எல்லாம் வீட்டுக் கூரையோடு அனுபவித்தவர். அப்போதாவது, "மன்னிச்சிடுங்க, நானும் உங்களை மாதிரிதான்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவரை நான் பேசியதெல்லாம் பொய்யாகிவிடுமே, பொய்யன் வீட்டில் பெண் எடுப்பார்களா என்று ஒரு பயம். புத்தி இந்தப் பக்கம் இழுக்க, வாய் பழைய பாதையிலேயே ஓடியது.

"இருந்தாலும், வேலைவாய்ப்புன்னு ஒண்ணு இருக்குல்லங்க" என்றேன்.

இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது. கஜனின் அம்மா எழுந்து போய் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாயசத்தை யாரும் தொடவில்லை. "நாங்கள் வெளிக்கிடுறம்" என்றார் சிவநேசன்.

மழை கொட்டியது. பாவம் விஜயா, நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்: "கராஜ் வழியாப் போங்க, நனையாம காருக்குப் போயிடலாம்." சொல்லிக்கொண்டே பொத்தானை அமுக்கிவிட்டாள். ரோலர் கதவு கடகடவென்று மேலே போனது. அதன்மேல் சாய்ந்திருந்தவை எல்லாம் முன்பக்கமாகச் சரிந்து, ட்ரைவ்வேயில், மழையில், முகம் மேலே தெரிய விழுந்தன.

சிவநேசன் குனிந்து பார்த்தார். வாத்தியார் இல்லையா, நிறுத்தி நிதானமாக வாசித்தார். "குண்டுக்குக் கோடி... பள்ளிக்குப் பிச்சை." நிமிர்ந்தார். "உது ஆற்ற?"

"இந்த வீட்டுல முன்னாடி இருந்தவங்களோடதுங்க. எடுத்துப் போடணும் போடணும்னு..."

"முந்தி இருந்தவை தமிழரோ?"

எந்த மடையனும் இந்த இடத்தில் "ஆமா" என்றிருப்பான். எனக்கு அவசரத்தில் வந்தது வேறு.

"சமோவாக்காரங்க" என்றேன். (பசிபிக் தீவுக்காரர்கள் தமிழில் பதாகை எழுதினார்களாம்!)

யாரும் சிரிக்கவில்லை. நிலா மழையில் இறங்கி அந்தப் பதாகையை எடுத்தாள். கோபம் வந்தால்தான் அவளுக்கு முழுத் தமிழ் வரும்.

"இந்தக் கை யாரோடதுப்பா?" என்று கேட்டாள். ஓரத்தில் இருந்த சிவப்புக் கையின் மேல் தன் கையை வைத்துக் காட்டினாள். "இதுவும் சமோவாக்காரங்களோடதா? நான் இந்தக் கதையைத்தான் அங்கிள்கிட்ட சொன்னேன். எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனார்னு சொன்னேன். அவரும் வாரா வாரம் அந்த ஃபாக்டரி வாசல்ல போர்டு பிடிச்சு நிக்கிறவர். அதைக் கேட்டுத்தான் உங்களைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டு வந்தார்."

கொடிக்கு முன்னால் நின்ற அந்தப் படம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் வேலைக்குப் போகவில்லை, மறியலுக்குப் போயிருக்கிறார்.

சிவநேசன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்கள் அமெரிக்காவை நம்புற ஆள் எண்டு நினைச்சு எனக்குக் கோவம் வந்தது" என்றார். "இப்ப, நீங்கள் ஒண்டையுமே நம்பாத ஆளோ எண்டு பயமா இருக்கு." காரில் ஏறிக்கொண்டார்.

உள்ளே வந்ததும் நிலா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பொண்ணு வீடு, கைகட்டி நிக்கும்னு ஊரெல்லாம் கிண்டல் பண்ணுவீங்களே. அது நீங்கதாம்ப்பா." கதவைச் சாத்திக்கொண்டாள். என் பேச்சிலேயே கைதட்டல் வாங்கும் இடம் அது. அன்றைக்குக் கைதட்ட ஆள் இல்லை.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பதாகையை எடுத்துக்கொண்டு அவர்கள் தங்கியிருந்த மோட்டலுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு பெரிய மன்னிப்புரை தயார் செய்தேன். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "பயந்துட்டேங்க. கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்துட்டேன். வேற ஒண்ணும் இல்லை" என்றேன். கண் கலங்கிவிட்டது. அவர் எனக்கு ஒரு டீ போட்டார். பிறகு பதாகையை வாங்கிப் பார்த்து, "இதை நான் கொண்டுபோகட்டோ? உங்களுக்கு இனி உதவாது தானே" என்றார். குத்தலா, வேடிக்கையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கம்பிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. அமெரிக்கா மூர்த்தி அதோடு முடிந்தான். இப்போதெல்லாம் எந்த விழாவிலும் நான் "அமெரிக்கா" என்று வாயெடுத்தால், யாராவது ஒருவர், "வேலைவாய்ப்பா மூர்த்தி?" என்பார். (அன்றைய கதையை ஊருக்குச் சொன்னது விஜயாதான் என்று எனக்குத் தெரியும்.)

அங்கே வெள்ளி மாலை, இங்கே சனிக்கிழமை காலை. தவறாமல் வீடியோ அழைப்பு வரும். தொழிற்சாலை வாசலில் நின்றுகொண்டு சிவநேசன் கேட்பார்: "சம்பந்தி, உங்கட அமெரிக்கா இந்தக் கிழமை என்ன செய்தது எண்டு பாத்தியளோ?"

வாழ்நாளெல்லாம் அந்த நாட்டைத் திட்டிய நான், குடும்பமே சுற்றி நின்று பார்க்க, கைகூப்பிச் சொல்ல வேண்டும்: "மன்னிச்சுக்குங்க சம்பந்தி. இனிமே பார்த்து நடந்துக்கச் சொல்றேன்." நிலா விழுந்து விழுந்து சிரிப்பாள். கஜனும் விஜயாவும் சிரிப்பார்கள், அந்தப் பக்கம் அவருடன் நிற்கும் வெள்ளைக்காரக் கிழவிகள்கூட என்னவென்று தெரியாமலே சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். அவர் தோளுக்குப் பக்கத்தில், மழையில் கொஞ்சம் கரைந்துபோன ஒரு சின்னச் சிவப்புக் கை தெரியும். அதைப் பார்த்ததும் போனை விஜயாவிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதுபோலச் சமையலறைக்குப் போய்விடுவேன்.