பெரியப்பா முகத்து ஈக்கள்

இனித் தன்னுடைய கை சவர்க்கார நுரையைக் காணாது என்று ஞானேந்திரன் வீட்டில் அறிவித்தது எண்பத்தேழாம் ஆண்டு ஆனி மாதத்தில். அகதியாகக் கனடாவின் மொன்றியலுக்கு வந்த நாள் முதல் அவருக்கு வாய்த்தது உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலை. ஊரிலோ அவர் விலங்கியல் வாத்தியார். மனுசனுக்கு எவ்வளவு கொதி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பக்கத்துப் புவாண்ட்-கிளேரிலிருந்து உணவகத்துக்குச் சாப்பிட வந்து பழகிய பூச்சி ஆராய்ச்சியாளர் ஹென்றிதான் வழி காட்டினார். கடற்கரை ஈக்களை மிகக் கிட்டவாக எடுத்த நாற்பது படங்களைக் கொடுத்தார். இனம் இனமாகப் பிரித்துத் தந்தால், புரட்டாதியிலிருந்து தன் ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை என்றார்.

அன்றே ஞானேந்திரன் குசினி மேசையைக் கைப்பற்றினார். ஈக்கள் மேசையில், சோறும் கறியும் நிலத்தில். மனைவி குணேஸ்வரி தூசி துடைக்கப் போனாலும் குற்றம்.

"தொடாதையும். இது சயன்ஸ். உமக்கு விளங்காது."

"விளங்காதுதான்." அவள் இரண்டு ஈப் படங்களைச் சுட்டிக் காட்டினாள். "ஆனால் இவரும் அவரும் ஒராளெல்லோ? இவர் சரிஞ்சு நிக்கிறார், அவர் நேரை பாக்கிறார், அவ்வளவுதான்."

"நீர் போய்ப் புட்டை அவியும்."

குணேஸ்வரியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கலியாணப் பட அல்பத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவரையும் ஆரென்று சொல்லிவிடுவாள். பட்டப்பெயர் வைக்காமல் ஒருவரையும் நினைவில் வைத்ததும் இல்லை.

ஞானேந்திரன் தடித்த புத்தகமும் பூதக்கண்ணாடியுமாக மூன்று கிழமை தலையைப் பிய்த்தார். இறக்கை நரம்பு பொருந்தினால் கால் மயிர் பொருந்தாது. கால் மயிர் பொருந்தினால் முகம் பொருந்தாது. ஒருநாள் வேலையால் வந்து பார்த்தால், நாற்பது படமும் ஏழு குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் குணேஸ்வரியின் கையெழுத்தில், நீலப் பேனையால் ஓர் ஊராளின் பெயர். வெற்றிலை அடக்கினதுபோல மூஞ்சி வீங்கியது 'பெரியப்பா'. முன்கால் பருத்தது 'கூப்பன் கடை மனேச்சர்'. காலெல்லாம் மயிர் அடர்ந்தது 'பஸ் கொண்டக்டர்'.

மனுசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரி. கோபம் வந்த வழியே போய்விட்டது. மூச்சுக் காட்டாமல் ஏழு குவியலுக்கும் லத்தீன் பெயர் எழுதி, கீழே தன் கையெழுத்தையும் வைத்தார். குணேஸ்வரியோ, ஹென்றி எப்போது வருகிறார் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஹென்றி வந்தார். குவியல்களைப் பார்த்துப் பூரித்துப்போனார். ஒரு படத்தைத் திருப்பி, இது என்ன எழுத்து என்று கேட்டார். தன்னுடைய சொந்தக் குறியீட்டு முறை என்றார் ஞானேந்திரன், கண் இமைக்காமல். அப்படியென்றால் மிக நல்லது என்று ஹென்றி பையிலிருந்து புதிதாக ஐந்து படங்களை எடுத்துப் பரப்பினார். இவற்றையும் இப்போதே பார்த்துச் சொல்லலாமே என்றார்.

ஞானேந்திரன் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். ஐந்தும் ஒரே ஈயாகத் தெரிந்தது. புரட்டாதி மாத வேலை கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

தேத்தண்ணியோடு வந்த குணேஸ்வரி தட்டத்தை ஓரமாக வைத்தாள். ஒரு படத்தை எடுத்து, "பெரியப்பா" என்று அதற்குரிய குவியலில் போட்டாள். "மனேச்சர். திரும்பவும் பெரியப்பா. இவர் கொண்டக்டர்." ஐந்தாவதைப் பார்த்து மூக்கைச் சுளித்துத் தனியே வைத்தாள். "இவர் எங்கட ஆளில்லை."

ஹென்றி கைகொட்டிச் சிரித்தார். ஐந்தாவது, சோதித்துப் பார்க்கவென்று அவர் தன் வீட்டுக் குசினியில் படம் எடுத்த சாதாரண வீட்டு ஈ. ஞானேந்திரனை ஒருமுறை பார்த்தார், எழுந்து போய்க் குணேஸ்வரியின் கையைக் குலுக்கினார்.

அவர் போன பிறகு ஞானேந்திரன் மெல்லக் கேட்டார். "பென்சிலாலை எழுதியிருக்கலாமே?"

"பென்சில் எண்டால் அழிச்சுப்போடுவியள்."

புரட்டாதியில் ஆய்வுகூடத்துக்குக் குணேஸ்வரி போனாள். ஞானேந்திரனுக்குப் பகலில் உணவகத்துக் கோப்பை, பின்னேரம் வீட்டுக் கோப்பை. ஒருநாள் ஈரக்கையோடு மேசைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார்.

"தொடாதேங்கோ" என்றாள் அவள், தலை நிமிராமலே. "சயன்ஸ்."