ஆகாய முனியும் பச்சைத் தீயும்

அச்சங்குளத்துக்குப் பாதை பிரியுற விலக்குல ஒரு பிளக்ஸ் போர்டு நின்னுச்சு. மேல விமானம், கீழ கடல், நடுவுல காவி வேட்டி கட்டின ஒரு ஆளு. அந்த ஆளு விமானத்தை உள்ளங்கையில தாங்கிப் பிடிச்சிருந்தாரு. 'கடல் தாண்டும் கைக்குழந்தைகளின் காவலர் ஆகாயச் சாமிகள்'னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. விமானத்தை இஞ்சின் தூக்குதுன்னு இம்புட்டு நாளா நெனைச்சுக்கிட்டிருந்த நம்மதான் கூறுகெட்டவுக.

ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா அந்த விலக்குல பஸ்ஸு நகராது. இருக்கன்குடி கோயிலுக்கு ஆடிக் கடைசி வெள்ளிக்குப் போற கூட்டத்துல பாதி வழி தவறி இங்கன வந்துருச்சோன்னு சந்தேகம் வரும். எல்லார் இடுப்புலயும் ஒரு பிள்ளை, கையில ஒரு பாஸ்போர்ட் ஜெராக்ஸ். நம்ம ஊருப் பயலுக துபாய், மஸ்கட், சிங்கப்பூருன்னு போயிட்டானுக. போனவனுக சும்மா இருக்காம பொண்டாட்டி பிள்ளையையும் கூப்பிட ஆரம்பிச்சானுக. தடுப்பூசி போட மினிபஸ்ஸுல விருதுநகர் வரைக்கும் போன பிள்ளைக, இப்பக் கடலைத் தாண்டுது. புதுசா ஒரு பயம் வந்தா அதை வித்துத் திங்க புதுசா ஒரு சாமியாரு வரத்தானே செய்வாரு.

சாமியோட தத்துவம் ரொம்ப எளிமையானது. ஆகாயத்துல ஒரு முனி இருக்கு. பெரியவுக டிக்கெட் எடுத்துச் சீட்டுல உக்காந்திருக்காக, அவுகளை முனி ஒண்ணும் செய்யாது. கைக்குழந்தைக்குத் தனிச் சீட்டு கிடையாது, மடியிலதான் வச்சுக்கிடணும். சீட்டு இல்லாத உயிரு முனிக்குச் சொந்தம். அது பிள்ளையோட காதுக்குள்ள புகுந்து கூப்பிடும். விமானத்துல பிள்ளைக வீல்வீல்னு கத்துறது அதனாலதான். பாருங்க, முனிக்கு விமானக் கம்பெனியோட சட்டதிட்டம் அத்தனையும் அத்துபடி. இதைச் சொன்ன சாமி வாழ்க்கையில ஏறின அதிகபட்ச ஒசரம் மினிபஸ்ஸோட கூரை.

முனி இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க ஒரு சோதனையும் வச்சிருந்தாரு. பிள்ளையோட தலைமுடியில ரெண்டு இழையை வெட்டிக் கொடுக்கணும். சாமி அதைச் சூடத்தட்டுல போட்டுக் கொளுத்தி, ஒரு வெள்ளி டப்பாவைத் தொறந்து திருநீறை ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுவாரு. தீ மஞ்சளா எரிஞ்சா பிள்ளை தாராளமாப் போகலாம். பச்சையா எரிஞ்சா முனி உக்காந்திருக்குன்னு அர்த்தம்.

யாருக்கும் மஞ்சளா எரிஞ்சதா எனக்குத் தெரிஞ்சு சரித்திரம் இல்ல.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, அங்கன நின்ன கூட்டத்துல முக்காவாசிப் பேரு பட்டாசுக் கம்பெனில வேலை பாக்குறவுக. பூச்சட்டிக்கும் பேன்சி வெடிக்கும் கலர் கட்டுறவுக. திங்கள்ல இருந்து சனி வரைக்கும் பச்சைத் தீயை லோடு லோடா செஞ்சு லாரியில ஏத்தி அனுப்பிட்டு, ஞாயித்துக்கிழமை அதே பச்சைத் தீயைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டு நின்னாக. கம்பெனில எரிஞ்சா அது சரக்கு. காவி வேட்டிக்கு முன்னால எரிஞ்சா அது முனி. கண்ணு ஒண்ணுதான், ஆனா ஞாயித்துக்கிழமை அதுக்கும் லீவு விட்டுர்றாக.

அந்த ஊர்லதான் பொன்மணி இருந்தா. அவ புருசன் புகழேந்தி துபாய்ல ஏசி மெக்கானிக். அவ வயித்துல பிள்ளை இருக்கையில போனவன். பிள்ளை பொறந்து, எழில்னு பேரு வச்சு, தவழவும் ஆரம்பிச்சிருச்சு. அவன் இன்னும் மகளைத் தொட்டுப் பாக்கல. எழிலுக்கு அப்பான்னா செல்போன்தான். அவன் முகம் தெரிஞ்சா போனை வாங்கி நக்குவா. பாடுபட்டு ஒரு வழியா பொண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் விசா எடுத்துட்டான், மதுரையில இருந்து டிக்கெட்டும் போட்டுட்டான். இந்த விசா தேதிக்குள்ள போகலைன்னா திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்.

பொன்மணியோட மாமியார் அய்யம்மாள் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்த மனுசி. நெருப்புக்குப் பயப்படாது, பேத்திக்கு ஒரு தும்மல் வந்தா நடுங்கிப் போயிரும்.

"சாமி உத்தரவு குடுத்தா ரெண்டு பேரும் போங்க. இல்லைன்னா நீ மட்டும் போ. பேத்தி என்கிட்ட இருக்கட்டும்."

"பால் குடிக்கிற பிள்ளையை விட்டுட்டு நான் எப்படிப் போவேன் அத்தை?"

"அப்ப நீயும் இரு."

மாமனார் சுடலை ஒரு பட்டாசுக் கம்பெனில கலர் மருந்து கலக்குற ஆளு. கம்பெனில போர்மேனே அவரைக் கேட்டுத்தான் செய்வாரு. வீட்டுல அவரை யாரும் எதையும் கேக்குறது கிடையாது.

ஞாயித்துக்கிழமை மூணு பேரும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போனாக. சாமி முடியை வாங்கினாரு, சூடத்தைக் கொளுத்தினாரு, டப்பாவைத் தொறந்தாரு. பச்சைன்னா பச்சை, அப்படி ஒரு பச்சை. அய்யம்மாள் பேத்தியை வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிடுச்சு.

"தாயி, பிள்ளை காதுகிட்டயே முனி குடியிருக்கு. ஒரு வருசம் கழிச்சுக் கவச பூசை பண்ணிட்டுக் கூட்டிட்டுப் போங்க. மீறிப் போனா நான் பொறுப்பு இல்ல" அப்படின்னாரு சாமி. அப்புறம் ஒரு மரக்கிண்ணத்துல இருந்து திருநீறு எடுத்துப் பிள்ளை நெத்தியில பூசினாரு.

பந்தலை விட்டு வெளிய வந்தா, வாசல்லயே ஒரு மேசை. அழகுராஜான்னு ஒருத்தன், சாத்தூர்ல டிக்கெட் போட்டுக் குடுக்குற கடை வச்சிருக்கவன், பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தான்.

"தேதி மாத்தணுமாக்கா? இங்கனயே மாத்திக் குடுத்துரலாம், சாத்தூருக்கு அலைய வேண்டாம்."

எம்புட்டுச் சேவை மனப்பான்மை பாருங்க. உள்ள சாமி பயணத்தை நிறுத்துவாரு, வெளிய இவன் கமிசன் வாங்கிக்கிட்டு மாத்தி விடுவான். முனிக்கும் இதுல ஒரு பங்கு போகுதான்னு தெரியல.

பொன்மணி அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதா. விசா போயிருமேன்னு அழுதா. அதுக்கும் மேல, ஒருவேளை முனி நெசமா இருந்துட்டா என்ன செய்யன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் வந்துச்சு பாருங்க, அதை நெனைச்சு அழுதா. பயத்துக்குப் படிச்சவ படிக்காதவன்னு வித்தியாசம் கிடையாது. இவ பி.காம். படிச்சவ.

மறுநாள் பிள்ளைக்குக் குல்லா வாங்க சாத்தூர்ல பைரோஜாக்கா ஜவுளிக்கடைக்குப் போனா. பைரோஜாக்கா மஸ்கட்டுக்கும் சாத்தூருக்கும் கைப்பிள்ளையோட போயி வந்தவ. முனி விசயத்தைக் கேட்டவுடனே சிரிச்சா.

"முனியாவது மண்ணாங்கட்டியாவது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காத்தழுத்தம் மாறும், காது அடைச்சுக்கிடும். உனக்கும் எனக்கும்கூட அடைக்கும். நம்ம எச்சி முழுங்குவோம், சரியாயிரும். பிள்ளைக்கு முழுங்கணும்னு தெரியாது, வலிக்கும், கத்தும். அந்த நேரம் பாத்துப் பால் குடு. முழுங்க முழுங்கக் காது விட்டுரும். என் மக ஹாதியா முதல் தடவை ஊரைக் கூட்டினா. அடுத்த தடவை பால் குடுத்தேன், தூங்கிட்டா."

"அப்ப அந்தப் பச்சைத் தீ, அக்கா?"

"அதை உங்க ஊர்க்காரவுககிட்ட நான் சொல்லணுமாக்கும்" அப்படின்னுட்டுக் குல்லாவை மடிச்சுக் குடுத்தா. கூடவே குரலைத் தாழ்த்தி இன்னொண்ணும் சொன்னா. "எங்க மாமியாரும் எங்களுக்குத் தெரியாம அங்கன போயி மந்திரிச்ச கயிறு வாங்கிட்டு வந்திருக்காக. இதுல மட்டும் எல்லா மதமும் ஒத்துமையா இருக்கு."

பொன்மணி வீட்டுக்கு வந்தா. கொட்டத்துல அய்யம்மாள் வளக்குற கருப்பு ஆட்டுக்குட்டி கத்திக்கிட்டு நின்னுச்சு. அதையே கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் கத்தரிக்கோலை எடுத்தா.

அடுத்த ஞாயித்துக்கிழமை, "இன்னொரு தடவை கேட்டுப் பாத்துருவோம் அத்தை"ன்னு சொல்லி மாமியாரையும் மாமனாரையும் கூட்டிக்கிட்டுப் போனா. எழில் அவ இடுப்புல. வரிசை நகந்து முன்னால போனதும், ஒரு காயிதப் பொட்டலத்தைச் சாமிகிட்ட நீட்டினா.

"இது வேற பிள்ளை சாமி. இதுக்கும் பாத்துச் சொல்லுங்க."

"பிள்ளை பேரு?"

"கருப்பாயி."

"எந்த ஊருக்குப் பயணம்?"

"துபாய்க்குத்தான் சாமி."

சூடம் எரிஞ்சுச்சு. டப்பா தொறந்துச்சு. தீ பச்சையா எந்திரிச்சு நின்னுச்சு. சாமி கண்ணை மூடித் தலையை ஆட்டினாரு.

"ராத்திரியில பிள்ளை கத்துமே?"

"கத்துது சாமி."

"பால் குடிக்கையில முட்டி முட்டிக் குடிக்குமே?"

"ஆமா சாமி, அப்படியே நேர்ல பாத்த மாதிரி சொல்றீக."

கூட்டம் உச்சுக் கொட்டுச்சு. சாமிக்கு உற்சாகம் தாங்கல. "முனி பிடி ரொம்பப் பலமா இருக்கு. இந்தப் பிள்ளை துபாய்க்குப் போனா திரும்பி வராது."

"வாஸ்தவந்தான் சாமி. துபாய்க்குப் போற ஆடு எங்க திரும்பி வந்திருக்கு? பிரியாணிக்குல்ல போகுது."

ஒரு நிமிசம் யாருக்கும் வெளங்கல. "இது எங்க அத்தை வளக்குற ஆட்டுக்குட்டியோட முடி. அத்தை, நம்ம கருப்பிக்கும் தோசம் இருக்காம்"னு அவ திரும்பிச் சொன்ன பெறகுதான் பின்வரிசையில ஒருத்தன் சிரிச்சான். அந்தச் சிரிப்பு அப்படியே முன்வரிசை வரைக்கும் வந்துச்சு.

ஆனா சாமியாருக லேசுல விழ மாட்டாக. அதுக்குன்னே பயிற்சி எடுத்திருப்பாக போல. "தெய்வத்தைச் சோதிக்கிறியா? உன் வீட்டுல இருக்குற முனிதான் ஆட்டு மேலயும் ஏறியிருக்கு. உன் குடும்பம் விளங்காமப் போயிரும்"னு சாமி எந்திரிச்சு நின்னு கத்தினாரு. சிரிச்ச கூட்டம் கப்புனு அடங்கிருச்சு. ரெண்டு மூணு பேரு, "ஏத்தா, சாமிகிட்ட மன்னிப்புக் கேளு"ன்னாக. அய்யம்மாள் மருமக முந்தானையைப் பிடிச்சு இழுத்துச்சு. பொன்மணி விடல.

"மன்னிப்புக் கேக்குறேன் சாமி. அதுக்கு முன்னால ஒரே ஒரு சந்தேகம். நெத்தியில பூச மரக்கிண்ணம், நெருப்புல போட வெள்ளி டப்பா. ரெண்டுலயும் இருக்குறது திருநீறுதானே?"

"ஒரே திருநீறுதான். எல்லாம் மகிமை உள்ளது."

"நாங்க கோயில்ல திருநீறு வாங்கினா நெத்தியில பூசிட்டு வாயிலயும் கொஞ்சம் போட்டுக்கிடுவோம். நீங்க இந்த வெள்ளி டப்பாவுல இருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில போட்டுக்காட்டுங்க. அம்புட்டுத்தான். உங்க கால்ல விழுந்துட்டு, டிக்கெட்டையும் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிர்றேன்."

சாமி டப்பாவைப் பாத்தாரு. கூட்டத்தைப் பாத்தாரு. திரும்பவும் டப்பாவைப் பாத்தாரு.

"இன்னைக்கு நான் விரதம்."

"திருநீறு போட்டாலா சாமி விரதம் முறியும்?" இப்படிக் கேட்டது பொன்மணி இல்ல. போன மாசம் டிக்கெட்டு தேதியை மாத்திக்கிட்டுப் போன பானுப்பிரியா, பின்னாடி பிள்ளையோட நின்னுக்கிட்டிருந்தவ.

அப்பத்தான் சுடலை முன்னால வந்தாரு. டப்பாவுக்குள்ள விரலை விட்டு எடுத்துத் தேச்சுப் பாத்தாரு. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. அவரு முகம் சுண்டிப் போச்சு.

"ஏலே, இது பச்சை உப்புலே. பேரியம். பச்சைக் கலர் வர நம்ம போடுற மருந்து. வாயில பட்டா வெசம்லே."

பேருதான் பச்சை உப்பு, பாக்க வெள்ளையா இருக்கும். திருநீறு மாதிரியேதான் இருக்கும். கூட்டத்துல இருந்த அம்புட்டுப் பேருக்கும் அது தெரியும். அதைத் தொட்ட கையோட சோத்துல கை வச்சா போர்மேன் எப்படிக் கத்துவாருன்னும் தெரியும். கோர்ட்டு அதைப் பட்டாசுல போடக் கூடாதுன்னு தடை பண்ணினதும், அதனால வேலை போச்சேன்னு ஊரு பொலம்பினதும், பெறகு மறைவா அதுலயே கலர் கட்டுறதும் தெரியும். இம்புட்டும் தெரிஞ்சவுகதான் வரிசையில நின்னு கும்பிட்டாக. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்க முடியாமத் தரையைப் பாத்தாக.

"அப்ப நீரு போன வாரமே பாத்தீரே, அன்னைக்கு ஏன் வாயைத் தொறக்கல?"ன்னு அய்யம்மாள் புருசனைக் கேட்டுச்சு.

"கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டுல்ல இருந்தேன்"னாரு சுடலை. பாவம், மனுசன் உண்மையைச் சொன்னாரு.

அதுக்குள்ள மரக்கிண்ணத்தையும் ஒருத்தர் எடுத்து மோந்து பாத்தாரு. அதுல இருந்தது வெறும் சாம்பல். அதுவரைக்கும் நல்ல காலம். சாமி பந்தலுக்குப் பின்பக்கமா நழுவினாரு. அய்யம்மாள் அவரு காவித் துண்டை எட்டிப் பிடிச்சுச்சு. "என் பேத்தி பக்கத்துலயா வெசத்தை வச்சுக்கிட்டுக் கூத்துக் காட்டினே?"ன்னு கேட்டுக் கேட்டு அந்தத் துண்டாலயே சாத்துச்சு. முனிக்கு நடுங்கின பொம்பளை இதுதானான்னு எனக்கே ஆச்சரியம். அழகுராஜா மேசையை விட்டுட்டு பைக்கை எடுத்தான். பைக்கைச் சுத்தி ஆளுக நின்னாக.

போலீஸ் வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போச்சு. ஊரை ஏமாத்தினதுக்கு ஒரு கேஸு. லைசென்ஸ் இல்லாம வெடிமருந்துச் சாமான் வச்சிருந்ததுக்கு ஒரு கேஸு. விசாரிச்சா, சாமியோட சொந்தப் பேரு சோணைமுத்து, ஒரு கெமிக்கல் குடோன்ல லோடு இறக்கினவராம். முனி அவருக்கு அங்கனதான் மூட்டை மூட்டையாக் காட்சி குடுத்திருக்கு.

பொன்மணி டிக்கெட்டுல போட்டிருந்த தேதிக்கே கெளம்பினா. மதுரை ஏர்போர்ட் வாசல்ல அய்யம்மாள் பேத்திக்கு முத்தம் குடுத்துட்டு, "ஏறும்போது மறக்காமப் பால் குடு தாயி"ன்னு மருமகளுக்குப் பாடம் எடுத்துச்சு. ஏறும்போது எழில் பால் குடிச்சுக்கிட்டே தூங்கிட்டா. இறங்கும்போதுதான் வம்பு. முழிச்சுக்கிட்டு, பாலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு முகத்தைத் திருப்பிக்கிட்டு, விமானமே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினா. பொன்மணிக்கு ஒரு நொடி முனி நெனைப்பு வந்துட்டுப் போச்சு. அப்புறம் பிள்ளை சப்புற ரப்பர் சூப்பியைத் தண்ணியில நனைச்சு வாயில வச்சா. நாலு தடவை சப்பி முழுங்கினதும் காது விட்டுருச்சு. அழுகை நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல வெளிய வந்து, கண்ணுல தண்ணியோட நின்ன புகழேந்தி கையில பிள்ளையைக் குடுத்தா. பிள்ளை அவன் மூக்கைப் பிடிச்சு இழுத்துச்சு.

இங்கன விலக்குல அந்த பிளக்ஸ் போர்டைக் கழட்டிட்டாக. ஆனா கம்பு ரெண்டையும் பிடுங்கல. அடுத்த சாமி வந்தா குழி தோண்டுற வேலை மிச்சம்னு விட்டு வச்சிருக்காகளோ என்னமோ. அதனால எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க. பிள்ளை அழுதா பிள்ளையைப் பாருங்க, சாமியாரைப் பாக்காதீக. பிள்ளைக்குக் காது அடைச்சா ஒரு வாய்ப் பால்ல விட்டுரும். பெரியவுகளுக்கு மண்டை அடைச்சுக்கிட்டா அது பால்ல விடாது, சுடுகாட்டுல பால் ஊத்துறதுக்கு முன்னாலயாவது கொஞ்சம் யோசிங்க.