இரண்டாம் சரணமும் மூன்று இயர்போனும்

இயேசு மரி சூசை துணை

சேக்காடு,
ஞாயிறு பூசை முடிந்து வந்து எழுதுவது.

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அந்தோணிராஜ் அவர்களுக்கு, மாமியார் சகாயம்மாள் சிலுவை அடையாளம் வரைந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், என் முழங்கால் வலி, மாடி வீட்டு அன்னம்மாள் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் என் மகள் ராணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதா காவல் இருப்பாராக. இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து நியாயம் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ராணியிடம் சொல்லி அனுப்பினால் பாதியைத்தான் சொல்வாள், அதுவும் காரமில்லாத பாதியை. ஆகையால் பேத்தி ரெனிதா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம், திருவிழாப் பூசையில் இரண்டாம் சரணத்தைத் தனியாகப் பாடுவது பற்றி. நீங்கள் பாடகர் குழுவுக்கு மாஸ்டர் ஆவதற்கு முன்பிருந்து, ஏன், உங்களுக்கு மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே அந்தச் சரணம் என்னுடையது. இந்த வருஷம் நீங்கள் யாரோ ஒரு பெண் பாடிய சாம்பிளை வாட்ஸப்பில் அனுப்பி, இதைக் கேட்டு எல்லோரும் பாடி அனுப்புங்கள், அத்தையும் அனுப்பட்டும் என்றீர்கள். அத்தையும்! சரி, அனுப்பினேன். அதற்கு நீங்கள், "அத்தை, சாம்பிளையும் உங்கள் பாட்டையும் நல்ல இயர்போனில் அடுத்தடுத்துக் கேளுங்கள், பிறகு முடிவை நீங்களே சொல்லுங்கள்" என்று பதில் போட்டீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் காதை யாரும் பெயில் போட்டதில்லை. ஒன்றுக்கு மூன்று இயர்போனில் கேட்டேன்.

முதலில் உங்கள் மகன் ஜெர்வின் தன்னுடைய வயர் இல்லாத இயர்போனைக் கொண்டுவந்தான். கம்மல் டப்பா அளவு பெட்டி, அதோடு சின்னது, நடுத்தரம், பெரிசு என்று மூன்று ஜோடி ரப்பர். எனக்கு வலது காதுக்குச் சின்னதும் இடது காதுக்குப் பெரிசும்தான் நின்றது. கழன்று விழுந்த நடுத்தரத்தைத் துவரம்பருப்பிலிருந்து சலித்து எடுத்தோம். "ஆயா, பேஸ் எப்டி கீது?" என்றான். "வயித்துல கீதுடா" என்றேன். பாட்டு காதுக்கு வருவதற்கு முன் அடிவயிற்றில் திம் திம் என்று விழுந்தது. "அதான் ஆயா கெத்து!" என்கிறான். மாதா பாட்டுக்கு எதற்குக் கெத்து? ஐ.டி. கம்பெனியில் தூங்காமல் உட்கார இந்த இடி தேவைப்படும் போல. ஆனால் அத்தனை இடிக்கு நடுவிலும் என் குரல் கண்ணாடி வளையல் மாதிரி தனியாகக் கேட்டது. அந்தச் சாம்பிள்காரி, பாவம், தாளத்துக்கு அரை அடி பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறாள்.

அடுத்தது ரெனிதாவுடையது. வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராதாம். மாட்டியதும் உலகமே அணைந்துவிட்டது. சிலிண்டர்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அரிசி கூழாகிவிட்டது. ரெனிதா ஓடி வந்து காதிலிருந்து பிடுங்கினாள். "ஆயா! குக்கர் கத்திகினு கீது, காதுல உழலையா?" "உழக்கூடாதுன்னுதானேடி நீயே மாட்டிவுட்டே?" இதில் கேட்டபோதுதான் சாம்பிளின் மற்ற குறைகளும் தெரிந்தன. நடுவில் இருமுகிறாள். மேலே போக வேண்டிய இடத்தில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். போதாததற்குப் பின்னால் சங்கரா மீன் விற்கிறவர் குரல் வேறு. நம் தெரு மீன்காரர் அவள் தெருவுக்கும் போகிறார் போலிருக்கிறது.

மூன்றாவது அன்னம்மாளுடைய வயர் வைத்த பழைய இயர்போன். சிக்கெடுக்கவே ஒரு ஜெபமாலை சொல்லும் நேரம் ஆனது. ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான். பாட்டும் கேட்கிறது, தெருவில் போகிற ஆட்டோவும் கேட்கிறது, மனிதர்களோடு இருக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு முனையை அன்னம்மாள் காதில் வைத்து என் பாட்டைப் போட்டேன். "யக்கா, இது நீயா பாடின? நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டாள். வயிற்றெரிச்சல்.

ஆகவே நீங்கள் கேட்ட முடிவு இதுதான். மூன்று இயர்போனிலும் என் குரலே முதல். சரணம் எனக்கே வர வேண்டும். சாம்பிள் பாடிய அந்தப் பெண்ணை, மனம் நோகாமல், பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். உங்கள் குடும்பத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுசு தருவாராக.

இப்படிக்கு,
தங்கள் மாமியார்
ச. சகாயம்மாள்

பி.கு. கவரை ஒட்டுவதற்குள் ரெனிதா படித்துவிட்டாள். "போன்ல எது ஆயா உன் பாட்டு? காட்டு" என்றாள். இடது பக்கம் இருந்ததைக் காட்டினேன். கோவிலில் பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். அதனால் போனிலும் நான் அனுப்பியது இடப்பக்கமும் மாப்பிள்ளை அனுப்பியது வலப்பக்கமும் நிற்கும் என்றுதான் இருந்தேன். "ஐயோ ஆயா, வலதுல கீறதுதான் நீ. இடதுல கீறது எங்கம்மா" என்கிறாள். என் குரலை இத்தனை வருஷம் உள்ளேயிருந்தே கேட்டவள், வெளியிலிருந்து இப்போதுதான் கேட்கிறேன். ராணி சின்ன வயதில் என்னோடு கூடப் பாட வருவாள். நான்தான் சத்தத்தைக் குறை என்பேன். அப்படியே குறைத்துவிட்டாள், உங்களிடம்கூட அந்தச் சரணத்தைக் கேட்டிருக்க மாட்டாள். அவளுக்கே கொடுங்கள். வேறு தாள் இல்லாததால் மேலே என் குரல் என்று வருகிற இடத்திலெல்லாம் ராணியின் குரல் என்று படித்து அவளுக்குக் காட்டுங்கள். பின்வரிசை, தூண் என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள்.