அசையானந்தரின் தண்டம்

ஆரணியில் அந்த ஆடி மாதம் எல்லாமே ஆடிக்கொண்டிருந்தது, அசையானந்த சுவாமிகள் ஒருவரைத் தவிர.

ஆற்காடு போகிற சாலையில், மூடிக் கிடந்த மரக்கடைக் கொட்டகை ஒன்றில் அவர் வந்து இறங்கி இருபது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் கொட்டகை வாசலில் தினமும் முப்பது நாற்பது பிக்கப் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எதிரே இருந்த டீக்கடைக்காரர் இரண்டாவது பாய்லர் வாங்கிவிட்டார். ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த இடத்துக்குச் சாமியார் ஸ்டாப் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

குழந்தை வரம் கொடுக்கிற சாமியார் உண்டு, வேலை வாங்கித் தருகிற சாமியார் உண்டு. இவர் காலத்தோடு ஒட்டிய சாமியார். வளைவில் திரும்பும்போது பின்பக்கம் ஆடுகிற பிக்கப் வண்டிகளின் ஆட்டத்தை நிறுத்துவது இவர் துறை. வண்டி ஏன் ஆடுகிறது? பாரம் அதிகம், ஸ்பிரிங் பட்டை தளர்ந்துவிட்டது என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு இன்னும் ஞானம் பிறக்கவில்லை. சாலையில் அடிபட்டுச் செத்த ஆவிகள் வளைவுக்கு வளைவு காத்துக்கிடக்கின்றனவாம். பாரவண்டி வந்ததும் பின் அச்சைப் பிடித்து ஊஞ்சல் ஆடுகின்றனவாம். அவற்றுக்கென்ன, டயர் வாங்குகிற கவலையா, டீசல் போடுகிற கவலையா?

இதற்குப் பரிகாரம் தண்டம். நாலடி நீளம், மேலே மஞ்சள் பட்டு சுற்றியது. பின் அச்சோடு சேர்த்து ஒன்பது முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டால் ஆவிகள் இறங்கி நடந்து போய்விடும். காணிக்கை ஆறாயிரத்து நூற்றுப் பதினாறு ரூபாய். தமிழில் தண்டம் என்றால் கோல் என்றும் பொருள், வீண் செலவு என்றும் பொருள். சுவாமிகள் பெயரிலேயே உண்மையைச் சொல்லித்தான் விற்றார்.

தனசேகரன் இந்த ஊர்க்காரர், சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து அரிசி ஆலைகளிலிருந்து உமி மூட்டை ஏற்றுபவர். உமிக்குக் கனம் கிடையாது, உயரம் உண்டு. அடுக்க அடுக்க மேலே போகும், வளைவில் வண்டி மொத்தமும் ஒரு பக்கமாகச் சாயும். ஏரிக்கரை வளைவு வந்தாலே அவர் கால் பிரேக்குக்குப் போய்விடும். அப்படிப்பட்டவர் காதில் அசையானந்தர் பெயர் விழுந்தால் என்ன ஆகும்? மனைவி திலகவதியையும் கூட்டிக்கொண்டு தரிசனத்துக்குப் போனார்.

அங்கே வெள்ளோட்டம் நடந்தது. சுவாமிகளின் சொந்த பிக்கப்பில், பின்னால் பத்தடி மூங்கில் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, உச்சியில் சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள். முதலில் கூட்டத்திலிருந்த, தண்டம் இல்லாத வேறு ஒரு வண்டியில் அதே மாதிரி மூங்கிலைக் கட்டி, கொட்டகையைச் சுற்றியுள்ள மைதானத்தில் வட்டமடித்தார்கள். கொடி கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவனைப் போலச் சாய்ந்தது. அப்புறம் தண்டம் கட்டியிருந்த சுவாமிகளின் வண்டி அதே வேகத்தில் வட்டமடித்தது. கொடி கொஞ்சம் தலையாட்டியதோடு சரி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“பாத்தியா திலகா, கொடி சாயவே இல்ல” என்றார் தனசேகரன்.

“சாமியாரு வண்டி சாயல. நம்ம வண்டியும் சாயாதுன்னு யாருங்க சொன்னது?”

“சாமி காதுல வுழப்போவுது, சும்மா இரு.”

தண்டம் கட்டியாயிற்று. சீடர் ஒருவர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிக் கட்டளை சொன்னார். நாற்பத்தெட்டு நாள் பட்டுத் துணியை அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் வண்டி கவிழும். எதுகையாக வந்ததால் தனசேகரனுக்கு அது அப்படியே மனதில் பதிந்தது.

மறுநாள் உமி ஏற்றினார். வழக்கமாக நாலு அடுக்கு. தண்டம் தந்த தைரியத்தில் ஆறு அடுக்கு. ஏரிக்கரை வளைவுக்கு முன்னால் பிரேக்கில் வைக்கிற காலையும் அன்றைக்கு வைக்கவில்லை. வண்டி திரும்பியது. மூட்டைகள் திரும்பவில்லை. உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதை அவர் இடுப்பால் உணர்ந்தார். மூன்று மூட்டை ஏரிக்குள் போயின. சக்கரம் எப்படியோ திரும்பத் தரைக்கு வந்தது. வண்டியை ஓரங்கட்டி இறங்கி, மிச்ச மூட்டைகளைக் கயிறு போட்டு இறுக்கினார்.

நேராக எங்கே போயிருக்க வேண்டும்? மெக்கானிக்கிடம். எங்கே போனார்? அசையானந்தரிடம்.

சுவாமிகள் கண்ணை மூடி யோசித்தார். “மகனே, நேற்று என்ன உண்டாய்?”

“கருவாட்டுக் கொழம்பு சாமி.”

“பார்த்தாயா?”

தனசேகரன் பார்த்துவிட்டார். குற்றம் கருவாட்டின் மேல் விழுந்தது. கருவாடு வாய் திறந்து மறுக்காது என்பது சுவாமிகளுக்குத் தெரியும்.

திலகவதிக்கு ஏரிக்கரைச் செய்தி ராமதாஸ் மூலம் வந்து சேர்ந்தது. ராமதாஸும் பிக்கப் ஓட்டுபவர், அவரும் தண்டம் கட்டியவர். அவள் சோற்றைப் போட்டாள். கணவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை படவேட்டு அம்மன் கோயிலுக்குப் பொங்க வெக்க எந்த வண்டியில போறோம்?”

“இன்னா கேள்வி இது? நம்ம வண்டிதான். அந்தப் பக்கம் பஸ்ஸு எங்க கீது?”

“சொந்தக்காரங்களோட பதினாலு பேருங்க. நம்ம ரெண்டு பொண்ணுங்களும் அதுல உக்காரப் போவுது.”

“நான் கருவாடு சாப்பிடாம இருக்கறேன், போதுமா?”

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பேசிப் பயனில்லை என்று வாசலுக்குப் போய், வண்டிக்குப் பின்னால் குந்தி அடியில் பார்த்தாள். மஞ்சள் துணியிலிருந்து ஒரு இழை பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திலகவதிக்குப் பட்டு வியாபாரி ஒருவர் கடையில் வேலை. நெய்து வரும் சேலைகளின் தரம் பார்ப்பது அவள் பொறுப்பு. சந்தேகம் வந்தால் ஒரு இழையை உருவிப் பற்றவைப்பாள். நல்ல பட்டு என்றால் மயிர் கருகிய வாடை வரும், சாம்பலை விரலில் தேய்த்தால் பொடியாகும். கலப்படம் என்றால் உருகிச் சுருண்டு முண்டு கட்டும். பட்டு நெய்கிற ஆரணியில் பாதிப் பேருக்கு இந்தச் சோதனை தெரியும். அவளுக்கு மூக்கிலேயே இருந்தது.

தொங்கிய இழையை அறுத்து, தீக்குச்சி உரசினாள். இழை உருகியது. நுனியில் கடுகளவு கறுப்பு முண்டு. பிளாஸ்டிக் வாடை.

“ஏங்க, இங்க வாங்க. இது பட்டே இல்ல. பாலியஸ்டரு.”

மூன்று மூட்டை ஏரியில் விழுந்தபோது வராத கோபம் தனசேகரனுக்கு இப்போது வந்தது. ஆரணிக்காரனிடமே போலிப் பட்டா? ஆனால் பக்தி லேசில் விடுமா? ஒரு நிமிஷத்தில் சமாதானம் கண்டுபிடித்தார். “துணிக்கடைக்காரன் சாமியையே ஏமாத்திட்டான் போலகீது. பாவம்.”

“சரிங்க. நாளைக்குப் போயி சாமி கிட்டயே சொல்லுவோம்” என்றாள் திலகவதி.

காலையில் போகிற வழியில் அன்பரசுவின் பட்டறையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஊரில் பிக்கப்புக்கெல்லாம் அடிப்பக்க வேலை பார்க்கிறவன் அன்பரசு. சாமியார் வந்த இருபது நாளாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

“சாமியாரு கிட்டயா? அங்க நான் வாய் தொறந்தா ஒதைப்பாங்கக்கா” என்றான்.

“நீ ஒண்ணியும் பேச வேணாம். ஸ்பேனரை மட்டும் எடுத்துகினு ஏறு.”

கொட்டகையில் கூட்டம் நிரம்பியிருந்தது. வெள்ளோட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. திலகவதி முன்னால் போய்க் கும்பிட்டாள்.

“சாமி, தண்டத்துல சுத்தறது சுத்தமான பட்டுதானுங்களா?”

“ஆம் மகளே. பட்டில்தான் சக்தி தங்கும். மற்ற துணியில் தங்காது.”

“எங்களுக்குக் கட்டினது உருகுது சாமி. கடைக்காரன் உங்கள ஏமாத்திட்டான்னு இவரு பேஜாரா கீறாரு. உங்க வண்டியில கட்டினதையும் ஒரு இழை பாத்துரலாங்களா?”

சுவாமிகள் வாய் திறப்பதற்குள் கூட்டம் திறந்தது. பாரு, பாத்துரலாம், அதுக்கென்னா என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது. மந்திரத்தைச் சோதிக்கலாம் என்று அவள் சொல்லியிருந்தால் துரத்தியிருப்பார்கள். நூலைச் சோதிக்கலாம் என்றால் இந்த ஊரில் எவன் மறுப்பான்?

ராமதாஸே குனிந்து இழையை உருவிக் கொடுத்தார். குச்சி உரசினாள். இழை சுருண்டு முண்டு கட்டியது. அந்த முண்டு ஐம்பது கைகளுக்கு மாறி, ஐம்பது மூக்குகளுக்குப் போய் வந்தது.

“அடப்பாவி, பாலியஸ்டரு” என்றது ஒரு தறிக்காரக் குரல். அதற்குமேல் யார் கேட்டார்கள்? சுவாமிகளின் வண்டிக்கு அடியில் நாலு பேர் புகுந்து துணியைக் கிழித்துப் போட்டார்கள்.

உள்ளே கோல் இல்லை. ‘ப’ எழுத்து வடிவத்தில் வளைந்த கனத்த இரும்புக் கம்பி. ரப்பர் புஷ், கிளாம்பு, போல்ட், ஓரத்தில் கம்பெனி ஒட்டிய பார்ட் நம்பர்.

இப்போது அன்பரசு வாய் திறந்தான். “இது ஸ்டெபிலைசர் ராடுண்ணா. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில விக்குது. நடுப்பக்கம் பின் அச்சுல புடிச்சிருக்கும், ரெண்டு முனையும் மேல சேசிஸ் சட்டத்துல மாட்டியிருக்கும். வண்டி ஒரு பக்கம் சாயறப்போ இந்தக் கம்பி முறுக்கிகினு சாய விடாம இழுக்கும். அவ்ளோதான்.”

அதற்குள் மற்றவர்கள் தங்கள் வண்டித் தண்டங்களைப் பிரித்திருந்தார்கள். அவற்றில் இரும்பு இல்லை, போல்ட் இல்லை. வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிற பிளாஸ்டிக் பைப், உள்ளே ஆற்று மணல்.

அப்படியும் ராமதாஸ் விடவில்லை. “இரும்பா இருந்தா இன்னாப்பா? சாமி ஓதின இரும்பு. அதான் அடங்குது.”

“அப்ப சாமியே ஓதட்டும்ணா” என்றாள் திலகவதி. “அன்பு, அந்த ரெண்டு முனையையும் மட்டும் கழட்டு. கம்பி அங்கியே இருக்கட்டும், துணியையும் மேல சுத்து. ஏங்க, நீங்க ஓட்டுங்க.”

அன்பரசு இரண்டு போல்ட்டையும் கழற்றி முனைகளைத் தொங்கவிட்டான். கிழிந்த துணியைச் சுற்றினார்கள். கூட்டம் விடாததால் சுவாமிகள் உரக்க மந்திரம் சொன்னார். தனசேகரன் வட்டமடித்தார். கொடி கள்ளுக்கடைக்குப் போய் வந்தது. ஏரிக்கரையில் இடுப்பில் உணர்ந்த அதே சாய்வு.

மறுபடி போல்ட்டை முடுக்கினான் அன்பரசு. துணியைத் தூர எறிந்தார்கள். சுவாமிகளை வாயை மூடச் சொன்னார்கள். அதே வேகம், அதே வட்டம். கொடி கொஞ்சம் தலையாட்டியதோடு சரி.

தனசேகரன் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. “பதினாலு பேரு, திலகா” என்றார்.

இந்தச் சந்தடியில் சுவாமிகள் நழுவிப் போய்ச் சாமியார் ஸ்டாப்பில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆனால் எட்டுப் பேர் சேராமல் ஷேர் ஆட்டோ கிளம்பாது. ஆறாவது ஆளுக்காக டிரைவர் கூவிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் போய்ச் சேர்ந்தது. அசையானந்தர் அன்றைக்குத்தான் முதல்முறையாக அசைந்தார், அதுவும் போலீஸ் ஜீப்பில்.

மறுநாள் அன்பரசு தனசேகரனின் வண்டிக்கு ராடு மாட்டினான். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, புஷ்ஷுக்குக் கிரீஸ் தடவி, அச்சில் கிளாம்பு போட்டு, முனைகளைச் சேசிஸில் மாட்டி, வண்டியை இறக்கிச் சக்கரம் தரையில் நின்ற பிறகே கடைசி முடுக்கு முடுக்கினான்.

“சாய்வு கொறையும்ணா. ஆனா இதுவும் சாமி இல்ல. ஆறு அடுக்கு ஏத்தினா இதுவும் கவுத்துரும். வளைவுல மெதுவா போ. சரக்கு வண்டியில ஆளுங்கள ஏத்தாத.”

“அதெல்லாம் வேன் சொல்லியாச்சு” என்றாள் திலகவதி. “இதுல பொங்கப் பானையும் விறகும் மட்டும்தான் போவுது.”

ராமதாஸும் தன் வண்டியோடு வந்து வரிசையில் நின்றிருந்தார். ராடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவிப் பார்த்தார். ஏதோ குறைந்த மாதிரி இருந்தது அவருக்கு. மெல்லத் திலகவதி பக்கம் வந்தார்.

“இல்லம்மா, ஒரு டவுட்டு. அந்த ஆளு பாலியஸ்டரைச் சுத்தினான், தப்பு. இதுல நாம நல்ல பட்டா வாங்கிச் சுத்தினா இன்னும் கொஞ்சம் கெட்டியா நிக்குமா?”

திலகவதி பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள்.

“நூல்ல ஒரு இழை உருவி எரிச்சிப் பாக்காம வாங்க மாட்டீங்க இல்ல ராமதாஸண்ணே? அதே மாதிரி உங்க மண்டைக்குள்ளேருந்தும் ஒரு இழை உருவிக் குடுங்க. அசலா போலியான்னு பாத்துச் சொல்லிர்றேன்.”