காயாத முகம்

தான் வரைந்த படத்தைப் பார்த்துத் தானே நடுங்கிய ஓவியர் உலகத்திலேயே எங்கள் சாயக்காரர் ஒருவர்தான். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கதவு, குழாய், கூரை எல்லாவற்றுக்கும் சாயம் அடிப்பது அவர் வேலை. மிச்சச் சாயத்தில், ஒரு பலகையில், தன் முகத்தையே வரைவது அவர் வியாதி. தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்த நான் அவருடைய பக்கத்து வீட்டில் ஆறு வருடம் குடியிருந்தேன். முழுதாகக் காய்ந்த படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் மலைக் குளிரில் சாயம் காய மூன்று நாளாகும். அவருக்கு இரண்டாம் நாளே சந்தேகம் வந்துவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்துவிடுவார். துடைக்கப் பொறுமையில்லாத நாட்களில் கூரைச் சிவப்பை மேலே பூசிவிடுவார். இப்படிப் பூசிப் பூசியே அந்தப் பலகையைத் தூக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது.

"ஏண்ணே அழிக்கிறீங்க? நல்லாத்தானே இருந்துச்சு?"

"உங்களுக்குத் தெரியாது சார். வரையிறப்ப சும்மா இருக்கான். காய ஆரம்பிச்சதும் மொறைக்கிறான்லா. 'உனக்கெல்லாம் எதுக்குடா பிரஷ்ஷு'ங்கிறான்."

சொல்லிவிட்டு, பலகைக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தார். சிரிக்கப்போன எனக்கும் முதுகு சில்லிட்டது.

எனக்கு ஈப்போவுக்கு மாற்றல் வந்தது. போவதற்குள் அவர் முகம் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். மனிதர் வெளிறிப் போனார்.

"வரையிறேன் சார். ஆனா என்கிட்டேர்ந்து அத நீங்கதான் காப்பாத்தணும்."

நான் கிளம்பும் நாள் காலை என் சாமான்களை ஏற்ற லோரி வரும். அதற்கு முந்தின நாள் மத்தியானம்தான் படம் முடிந்தது. அவருக்குச் சந்தேகம் வருவதற்குள் காய வைக்க வேண்டும். தோட்டத்தில் சூடான காற்று வீசும் ஒரே இடம், தொழிற்சாலையில் இலை வாட்டும் அறை. சாப்பாட்டு நேரம் பார்த்து இருவரும் பலகையைத் திருடர்கள் மாதிரி உள்ளே தூக்கிக்கொண்டு போனோம்.

பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் தேயிலை அதை இழுத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாது. தோட்டத்திலேயே பிறந்த சாயக்காரர் பயத்தில் மறந்துவிட்டார். கால் மணி நேரத்தில், தொழிற்சாலைக் கணக்குப் பார்க்கும் கிராணியின் குரல் அறையை அதிர வைத்தது.

"எவன்டா இலையில சாயத்தக் கொட்டுனது? துரைக்குத் தெரிஞ்சா எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்!"

சாயக்காரர் கையில் மண்ணெண்ணெய்த் துணி! சத்தியமாக, கிளம்பும்போது அவர் பையை நான் சோதித்திருந்தேன்.

"யாருன்னு தெரியக்கூடாது சார்!" என்று ஒரே இழுப்பில் வாயைத் துடைத்தார். அடுத்த இழுப்பில் மூக்கு போனது. கண்ணுக்குக் கை போகும்போது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் கிராணி எங்கள் முன்னால் வந்து நின்றார்.

பலகையில் நெற்றியும் இரண்டு கண்களும்தான் மிச்சம். கிராணி குனிந்து பார்த்தார்.

"அடப்பாவி, இது நீதானே! இந்தத் திருட்டு முழி தோட்டத்துல வேற யாருக்கு இருக்கு?"

வேலையே போய்விடுமோ என்ற நேரத்தில் சாயக்காரர் கேட்டார்: "ஐயா, மெய்யாலுமே நான்னு தெரியுதா?"

"தெரியாம? அப்படியே பயந்து சாகுற மாதிரி இருக்கு. மொதல்ல வெளிய தூக்குடா!"

வாட்டிய இலை குப்பைக்குப் போனது. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மனிதர் அதைப் படிக்காமலே பைக்குள் திணித்துவிட்டு, 'நான்னு தெரிஞ்சிருச்சுல்ல சார்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பலகையை லோரியில் ஏற்றியபோது, "மூக்கும் வாயும் வரைஞ்சு குடுங்கண்ணே" என்றேன்.

"வேணாம் சார். கை வச்சா மறுபடி எல்லாத்தையும் அழிச்சிருவேன். சீக்கிரம் ஓடிருங்க."

ஈப்போ வீட்டில் அந்தக் கண்கள் வாசலைப் பார்த்தபடி தொங்குகின்றன. பயம் இன்னும் தெளியவில்லை. தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது, "ஒண்ணுமில்லண்ணே, பயப்படாதீங்க, மத்தியானம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன்.