தெல்லிப்பழையிலையிருந்து நெல்லியடிக்கு எத்தினை கட்டை?

அண்டைக்கு எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டு. தூரம் அளக்கிறது.

நாங்கள் இருக்கிறது தெல்லிப்பழையிலை. மனுசி புஷ்பம் படிப்பிக்கிறது நெல்லியடியிலை. பலாலிப் பக்கத்து ரோட்டை ஆமி பூட்டினாப் பிறகு, புன்னாலைக்கட்டுவன், அச்சுவேலி, வல்லைவெளி எண்டு சுத்தித்தான் போகவேணும். பாவம், வீட்டுக்கு வரேக்கை ஆளிலை அரைவாசிதான் மிஞ்சியிருக்கும்.

வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பதினைஞ்சு மைலுக்கு மேலை எண்டால், கல்விக் கந்தோரிலை கிட்டடியிலை இடமாற்றம் தருவினமாம். மைல் எண்டு எழுதுவம், கட்டை எண்டு கதைப்பம்.

"விண்ணப்பத்திலை பதினாறு எண்டு எழுதிவிடுங்கோவன்" எண்டா புஷ்பம்.

"பொய் எழுத மாட்டன்" எண்டன்.

கூட்டாளியின்ரை சைக்கிளிலை மைல் மீற்றர் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டன். வல்லைவெளியிலை எதிர்க்காத்து. நான் முன்னுக்கு மிதிக்க, காத்து என்னை அச்சுவேலிக்குத் திருப்பி அனுப்பப் பாத்தது.

நெல்லியடியிலை இறங்கி மீற்றரைப் பாத்தன். பதினாலே முக்கால்.

கொஞ்ச நேரம் யோசிச்சன். பிறகு சந்தையைச் சுத்தத் தொடங்கினன். அதுவும் ரோட்டுத்தானே.

ரெண்டாம் சுத்திலை தேங்காய் விக்கிற அக்கா மறிச்சா.

"தம்பி, எதையும் துலைச்சுப்போட்டியளோ?"

"ஓம் அக்கா. கால் கட்டை காணாமல் கிடக்கு."

அவ குனிஞ்சு என்ரை காலைப் பாத்தா. "ரெண்டும் இருக்குத்தானே."

மூண்டாம் சுத்து வரேக்கை பள்ளிக்கூடம் விட்டிட்டுது. பஸ்ஸுக்கு நிண்ட புஷ்பத்துக்குப் பக்கத்திலை பெரிய ரீச்சர், அவவின்ரை அதிபர்.

"உவர் உங்கடை மனுசன் இல்லையோ?" எண்டு அவ கேக்கிறது எனக்கே கேட்டுது.

"தெரியேல்லை ரீச்சர்" எண்டு புஷ்பம் மற்றப் பக்கம் திரும்பினா.

நான் நிக்கேல்லை. இன்னும் ரெண்டு சுத்து. பதினைஞ்சே கால்!

அடுத்த நாள் கல்விக் கந்தோருக்குப் போனன். கிளாக்கர் பெடியன் விண்ணப்பத்தை வாசிச்சான். சுவரிலை கிடந்த குடாநாட்டுப் படத்திலை அடிமட்டத்தை வைச்சான்.

"பதினொரு கட்டை கூட வராது அண்ணை."

"தம்பி, அது பறந்து போற தூரம். மனுசி பஸ்ஸிலை எல்லோ போறவ."

"சுற்றுநிருபத்திலை தூரம் எண்டு மட்டும்தான் கிடக்கு. ரோட்டாலை எண்டு இல்லை."

"நீர் அடிமட்டம் வைச்ச இடத்திலை ஆமிக் காம்ப் கிடக்கு."

"அதுக்கு மேலாலை."

"மேலாலை ஹெலிகொப்ரர் போகுது."

அவன் பேனையை எடுத்தான். "அப்ப ஆகாயத்தாலை போகலாம் எண்டுதானே அர்த்தம்" எண்டு சொல்லிப்போட்டு, 'பதினொன்று' எண்டு எழுதினான்.

வீட்டை வந்து விசயத்தைச் சொன்னன். புஷ்பம் கோவிக்கேல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாயிருந்தது.

ஒரு மாதத்தாலை இடமாற்றக் கடிதம் வந்தது. வீட்டிலையிருந்து நடந்து போற தூரத்திலை பள்ளிக்கூடம். என்னாலைதான் கிடைச்சது எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு, கடிதத்தோடை இணைச்சிருந்த, நெல்லியடி அதிபரின்ரை சிபாரிசை வாசிச்சன்.

"இவ்வாசிரியையின் கணவர் நெல்லியடிச் சந்தையைக் காரணமின்றித் துவிச்சக்கர வண்டியில் பலமுறை சுற்றுவதை நேரிற் கண்டேன். அவருக்கு அருகில் எந்நேரமும் ஓர் ஆள் இருப்பது அவசியம்."

தூரத்தைப் பற்றி அதிலை ஒரு வரியும் இல்லை.